டேண்டம் சைக்கிளில் 'கிறீச்': என் அனுபவம்

ஜெர்மனியின் பாசாவிலிருந்து வியன்னாவுக்கு டான்யூப் நதிக் கரையோரம் போகத்தான் இந்தப் பழைய மடக்கு டேண்டத்தை, அதாவது இருவர் முன்னும் பின்னும் அமர்ந்து மிதிக்கும் சைக்கிளை, வாங்கினோம். இரண்டாம் நாளே, மேட்டில் மிதித்தால் 'கிறீச்'. மடக்கும் கீல்தான் என்று இறுக்கினேன். பெடலுக்கும் சீட் கம்பிக்கும் கிரீஸ் வைத்தேன். மூன்று நாள் வீண்.

பின்சீட்டிலிருந்த மனைவிதான் கண்டுபிடித்தாள்: அவள் மட்டும் மிதித்தால் சத்தமில்லை. பின்பெடலின் விசை நேராகச் சக்கரத்துக்குப் போகும். என் விசைதான் இரு பெடல்களையும் இணைக்கும் செயின் வழியாகப் போகிறது. அந்தச் செயினை இறுக்க, முன்பெடல் அச்சை ஒரு திருப்பும் உருளைக்குள் மையம் தள்ளி வைத்திருப்பார்கள். கழற்றினால், உருளை காய்ந்து மணலோடு கிடந்தது. துடைத்து, கிரீஸ் தடவி மாட்டினேன். பிறகு உருளையைத் திருப்பிச் செயினை இறுக்கும்போது, அது ஒரு சுற்றில் எங்கே அதிகம் இறுகுகிறதோ, அங்கே வைத்துத்தான் தொய்வு பார்க்க வேண்டும். சத்தம் போயே போச்சு, அப்பாடா!