விடுப்பில் வந்த படைவீரரின் மன அழுத்தத்தையும் இதயத்தையும் சேர்த்து அளப்பது எப்படி?

அம்பாசமுத்திரம், நாங்குநேரிப் பக்கத்து ஊர்களுக்கு விடுப்பில் வரும் படைவீரரிடம் மனநிலையைக் கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும் என்பதால், கேள்வித்தாளில் தொடங்குவதே நல்லது. ஷெல்டன் கோஹனும் உடன் ஆய்வாளர்களும் 1983இல் வெளியிட்ட மன அழுத்த அளவுகோலின் 10 கேள்வி வடிவம், கடந்த ஒரு மாதத்து உணர்வுகளைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் தருகிறது. அவற்றுள் நேர்மறையான நான்கு கேள்விகளின் மதிப்பெண்ணைத் தலைகீழாக்கிக் கூட்ட வேண்டும். இதை மறந்தால் முடிவே பிழையாகும். மொத்தம் 40இல் 27க்குக் குறையாதிருந்தால் அழுத்தம் மிகுதி எனப் பொதுவாகக் கொள்வர். வீட்டார் அருகில் இல்லாமல், அவரே தனியே நிரப்பட்டும்.

அழுத்தம் நீடிக்கையில் அட்ரினலின், கார்டிசோல் என்ற ஹார்மோன்கள் மிகுந்து, இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகின்றன. தூக்கமின்மையும் புகைப்பழக்கமும் சேர்ந்தால் இரத்தக் குழாய்கள் மேலும் கெடுகின்றன. ஆகவே ஏழு நாள்கள், காலையும் மாலையும், ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்தபின், கையை இதய மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை இரத்த அழுத்தத்தை அளந்து எழுதுங்கள். அளப்பதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் காபியும் புகையும் கூடாது. விருந்தோம்பலாக நீட்டப்படும் காபியும் காத்திருக்கலாம்.

முதல் நாளை விட்டு எடுத்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேலிருந்தால், கேள்வித்தாள் மதிப்பெண், இரத்த அழுத்தம் ஆகிய இரு பதிவுகளையும் பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் அளந்துகொண்டிராமல் உடனே 108ஐ அழையுங்கள்.