கொல்லையில் ஒரு கல்வாழைப் படுகை

எங்கள் வீடு தஞ்சாவூர்ப் பக்கம். குளித்தது, துவைத்தது, பாத்திரம் தேய்த்தது என்று எல்லாத் தண்ணீரும் வேலியோரம் தேங்கி, திண்ணை வரைக்கும் நாறும். இப்போது அதே தண்ணீர், ஜல்லி நிரப்பிக் கல்வாழை நட்ட ஒரு படுகைக்குள் ஓடித் தெளிந்து தென்னைக்குப் போகிறது.

நாங்கள் நான்கு பேர். 15 அடி நீளம், 5 அடி அகலம், இரண்டே கால் அடி ஆழத்துக்குக் குழி வெட்டினோம். தண்ணீர் வெளியேறும் பக்கம் அடித்தளம் 2 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். களிமண்தானே என்று குழிக்குள் தார்ப்பாய் விரிப்பதை விட்டுவிடாதீர்கள். நண்டும் எலியும் வளை தோண்டிவிடும். இரு முனைகளிலும் ஒன்றரை அங்குல ஜல்லி, நடுவில் முக்கால் அங்குல ஜல்லி. கிரஷர் தூசி போகக் கழுவித்தான் கொட்ட வேண்டும். செடிதான் அழுக்கைக் குடிக்கிறது என்பார்கள். பெரும்பாலான வேலை ஜல்லியிலும் வேரிலும் ஒட்டி வளரும் நுண்ணுயிர்களுடையது.

நான் கோட்டை விட்டது வேறிடத்தில். படுகைக்கு முன்னால் தொட்டி வேண்டாம் என்று மிச்சம் பிடித்தேன். வடிகஞ்சியும் எண்ணெயும் நேரே இறங்கி, ஐந்தே மாதத்தில் முகப்பு ஜல்லி பாகு மாதிரி ஒட்டிக்கொண்டது. அள்ளிக் கழுவ ஆள் கூலி, தொட்டிச் செலவைவிட அதிகம். இரண்டடிச் சதுரம், மூன்றடி ஆழத்தில் ஒரு தொட்டி போதும். வெளியேறும் குழாயில் ‘டீ’ (T வடிவ இணைப்பு) மாட்டி, அதன் கீழ்வாய் தண்ணீருக்குள் ஓரடி இறங்கியிருக்கட்டும். எண்ணெய் மேலே மிதக்கும், பருக்கை அடியில் தங்கும், நடுத்தண்ணீர் மட்டும் படுகைக்குப் போகும். வாரம் ஒருமுறை மேலே படியும் எண்ணெய் ஆடையை வழித்து எடுங்கள். வடிகஞ்சி இப்போது மாட்டுக்கு.

கடைசிமுனையில் அடியில் துளையிட்ட குழாய். அதிலிருந்து வெளியே வந்து எல்போ (வளைவு இணைப்பு) வைத்து நிமிர்ந்த குழாய். அந்த எல்போவுக்குப் பசை போடக் கொத்தனார் வருவார், தடுங்கள். குழாயைச் சாய்த்தால் படுகையில் மட்டம் இறங்கும், நிமிர்த்தினால் ஏறும். கல்வாழையும் சம்பங்கோரையும் ஓரடி இடைவெளியில் நட்டு, வேர் பிடிக்கும்வரை மட்டத்தை மேலேயே வையுங்கள். பிறகு ஜல்லிக்கு 2 அங்குலம் கீழே. கண்ணுக்குத் தண்ணீரே தெரியாது. கொசு எங்கே முட்டையிடும்?

கழிப்பறைத் தண்ணீர் செப்டிக் டேங்குக்கே போகட்டும். மாடி மழைநீரையும் இதில் திருப்பாதீர்கள். ஐப்பசி மழை ஒரே நாளில் அழுக்கை அப்படியே அடித்துத் தள்ளிவிடும். முற்றத்து வெள்ளம் ஏறாமல் சுற்றிலும் அரையடி வரப்பு கட்டுங்கள். ப்ளீச்சிங் பவுடர் கழுவிய தண்ணீரும் ஆகாது.

வெளிவரும் தண்ணீரைத் தேக்கி வைக்காமல் அன்றன்றே தென்னை, வாழைக்கு விடுங்கள். கீரைப் பாத்திக்கு வேண்டாம். பூத்து முடிந்த கல்வாழைத் தண்டை அடியோடு அறுத்து எருக்குழியில் போடுங்கள், ஜல்லிமேல் மக்க விடாதீர்கள்.