தட்டுகளை எண்ணாதீர்கள், அடுப்பைத் தேடுங்கள்: சீன பஃபேயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரிலிருந்து வேலையாகவோ கல்யாணப் புடவை எடுக்கவோ சென்னைக்குப் போகிற உறவினர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது, நல்ல சீன பஃபே எங்கே கிடைக்கும் என்பதுதான். புதுச்சேரியில் இருக்கும் சித்தி மகளும் சென்ற மாதம் அதையே கேட்டாள். நான் கடைப் பெயர் சொல்லவில்லை. சமையல்காரர் மாறினால் கடையும் மாறிவிடும். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஐந்து நிமிடத்தில் எடைபோடத் தெரிந்தால், இந்தக் கேள்வியை வேறு யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

நாம் பெரும்பாலும் ஏமாறுவது எண்ணிக்கையில்தான். ‘எண்பது வகை, ஒரே விலை’ என்ற பலகையைப் பார்த்ததும் கால் உள்ளே போய்விடுகிறது. சீனச் சமையல் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பலகை ஓர் எச்சரிக்கை. வாணலியை இன்றும் சீனச்சட்டி என்று சொல்கிற வீடுகள் நம்மிடம் உண்டு. அந்தச் சட்டியைச் சீறும் தீயில் காயவைத்து, காயையும் கறியையும் போட்டு, ஓரிரு நிமிடங்களில் புரட்டி இறக்குவதுதான் அவர்களுடைய கைத்திறன். அப்போது ஏறும் புகைமணத்தைத் தென்சீனாவின் கான்டன் பகுதி மக்கள் ‘வொக் ஹே’ என்கிறார்கள். சட்டியின் மூச்சு என்று பொருள். தட்டில் விழுந்த சில நிமிடங்களுக்குள் அது அடங்கிவிடும். மூடி போட்ட பாத்திரத்தில் அரை மணி நேரம் ஆவியில் கிடந்த நூடுல்ஸிலும் குடைமிளகாயிலும் அதைத் தேடிப் பயனில்லை. வகைகள் இருபதே இருந்தாலும், சிறு சிறு தட்டுகளில் வைத்து, தீரத் தீர நிரப்புகிற கடை எண்பது வகைக் கடையைவிடப் பல மடங்கு மேல். கண்ணெதிரே சட்டி போட்டுப் புரட்டித் தரும் அடுப்பு இருந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடலாம்.

பஃபே என்ற ஏற்பாடே சீனர்களுடையது அன்று. அவர்கள் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பதார்த்தங்களை நடுவில் வைத்துப் பகிர்ந்து உண்பவர்கள். ஆகவே பஃபேயில் எதை எடுப்பது என்பதற்குக் கொஞ்சம் யோசனை வேண்டும். நேரம் ஆக ஆகக் கெடாதவற்றை எடுங்கள்: சோயாவில் மெதுவாக வேகவைத்த இறைச்சி, சூப், ஆவியில் வெந்த டிம்சம் (கொழுக்கட்டை போன்ற சிறு பலகாரங்கள்), கஞ்சி. ஆம், கஞ்சிதான். சீனக் கஞ்சியை ஆங்கிலத்தில் குறிக்கும் சொல்லே நம் தமிழ்க் ‘கஞ்சி’யிலிருந்து போனது. இஞ்சிச் சீவலும் வெங்காயத்தாளும் தூவிய கஞ்சிப் பானை ஒரு மூலையில் இருந்தால், அந்தச் சமையலறையில் சீனச் சாப்பாடு அறிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பிக்கை வைக்கலாம். அதைவிடப் பொருத்தமானது ஹாட்பாட் பஃபே. கொதிக்கும் சாறு உங்கள் மேசையிலேயே இருக்கும். காய், காளான், மீன், இறைச்சி எல்லாவற்றையும் நீங்களே போட்டு வேகவைத்து உடனே உண்கிறீர்கள். சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு வந்த நம் ஊர்க்காரர்களைக் கேட்டால் ‘ஸ்டீம்போட்’ என்று பெயர் சொல்லிச் சிலாகிப்பார்கள்.

நேரம் தவறிப் போவது அடுத்த தவறு. இதை அனுபவத்தில் கற்றேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு சென்னை போய், வேலை முடிந்து ஒரு கடையில் நுழைந்தபோது மணி மூன்றை நெருங்கிவிட்டது. ஃப்ரைட் ரைஸ் தட்டின் அடியில் சூடே இல்லை. பசியில் எல்லோரும் சாப்பிட்டோம். திரும்பும் வழியில் மாமல்லபுரம் தாண்டுவதற்குள் அண்ணன் மகன் நான்கு முறை வாந்தி எடுத்தான். பிறகு மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது: சமைக்காத அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே இருக்கக்கூடும், சோறு வெந்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு மறுபடி வறுத்தாலும் அழியாது. ஃப்ரைட் ரைஸுக்குப் பழைய சோறு எடுப்பது முறைதான், உதிரியாக வரும். ஆனால் அதை விரைவாக ஆற வைத்துக் குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் இது இன்னும் முக்கியம். மூடியைத் திறந்தால் ஆவி அடிக்க வேண்டும். அடிக்கவில்லையென்றால் குழந்தைகளின் தட்டில் அந்தச் சோற்றை வைக்காதீர்கள். பன்னிரண்டரை மணிக்குப் போவது நல்லது.

மஞ்சூரியன் இருந்தால் அது போலிக் கடை என்று தீர்ப்புச் சொல்வதும் தவறு. கல்கத்தாவின் டிரெட்டா பஜாரிலும் தாங்ராவிலும் குடியேறிய சீனர்கள், குறிப்பாக ஹக்கா மக்கள், நம் நாவுக்கு ஏற்ப வளர்த்தெடுத்த சமையல் மரபு ஒன்று இருக்கிறது. அந்த ஊரில் பிறந்த நெல்சன் வாங் 1975 இல் மும்பையில் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கியதாகச் சொல்லப்படுகிறது. அது இந்தியச் சீன உணவு. அதற்கென்று மரியாதை உண்டு. சீனாவில் உண்ணும் உணவுதான் வேண்டும் என்றால் வேறு அடையாளங்களைப் பார்க்க வேண்டும். ‘ஷெஸ்வான்’ என்று நம் ஊரில் வரும் சிவப்புச் சட்னி பூண்டும் காய்ந்த மிளகாயும்தான். உண்மையான சிச்சுவான் சமையலில் நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகும், அவரை இனப் பருப்பையும் மிளகாயையும் புளிக்கவைத்த விழுதும் இருக்கும். அந்த மிளகும் விழுதும் சேர்த்துச் சமைத்த சோயாக் கட்டியான மாப்போ டோஃபுவை ஒரு கரண்டி வாயில் வைத்து, உதடு லேசாக விறுவிறுத்தால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு சோதனை எளிது. துறைமுகத்தில் கண்ணையும் செவுளையும் பார்த்து மீன் வாங்கிப் பழகியவர்கள் நாம். கான்டன் முறையில் கொடுவா போன்ற மீனை முழுதாக ஆவியில் வேகவைத்து, இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி, மேலே காய்ந்த எண்ணெயும் சோயாவும் ஊற்றுவார்கள். மசாலா ஏதும் கிடையாது. மீன் பழையது என்றால் ஒளித்துவைக்க வழியே இல்லை. அந்த மீனை நம்பி வெளியே வைக்கிற கடையை நானும் நம்புகிறேன்.

தாய், ஜப்பான், வியட்நாம் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்துச் சீன உணவு என்று எழுதியிருந்தால், எதையும் ஆழமாகச் செய்யாத கடையாகவே பெரும்பாலும் இருக்கும். புதுச்சேரிக்காரர்கள் இதில் ஏமாறக் கூடாது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வியட்நாமின் சைகோன் போய்த் திரும்பிய குடும்பங்கள் கொண்டுவந்த ‘நெம்’ என்ற பொரித்த சுருள் நம் ஊரில் இன்றும் பொரிகிறது. அது அரிசித் தாளில் சுற்றியது. சீன ஸ்பிரிங் ரோல் கோதுமை மாவில் சுற்றுவது. இரண்டும் வேறு வேறு.

அஜினோமோட்டோ போடுகிறீர்களா என்று கேட்டு, இல்லை என்றால் நல்ல கடை என்று முடிவு செய்வோர் பலர். 1908 இல் கிகுனே இகேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த சுவை அது. தக்காளியிலும் இயற்கையாகவே உண்டு. 1968 இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஒரு கடிதத்திலிருந்துதான் அந்தப் பயம் பரவியது. எனக்கு அதைவிடக் கவலை தருவது நிறப்பொடி. ரோடமின் பி என்ற சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் புதுச்சேரி அரசு பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடை செய்தது; அடுத்த மாதமே கர்நாடகம் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறங்களுக்குத் தடை போட்டது. விரலில் ஒட்டிக்கொண்டு சோப்புக்கும் போகாத சிவப்பைத் தொடாதீர்கள்.

சைவர்கள் ‘வெஜ்’ என்ற சீட்டை மட்டும் நம்ப வேண்டாம். சிப்பி சாஸ், கோழிச் சாறு, கறி புரட்டிய அதே சட்டி ஆகிய மூன்றையும் பற்றித் தனித்தனியாகக் கேளுங்கள். பன்றி இறைச்சியோ அரிசி மதுவோ ஆகாதவர்களும் முன்னதாகவே கேட்டுவிடுவது நல்லது.

போவதற்கு முன் தொலைபேசியில் விலையைக் கேட்கும்போது, வரி சேர்த்தா என்றும் கேளுங்கள். சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை உயர்ந்த நட்சத்திர விடுதிகளில் 18 வரை போகும். சேவைக் கட்டணம் வேறு. அதைப் பில்லில் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அறிவித்ததை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. பில்லில் அந்தக் கட்டணம் இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். அந்தப் பணத்தை, தீக்கு முன்னால் நின்று உங்களுக்காகச் சட்டி புரட்டியவர் கையில் நேராகக் கொடுத்துவிட்டு வரலாம்.