வைஃபை விட்டு டேட்டா: செயலி எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் படியிறங்கும்போது, இரண்டாம் மாடித் திருப்பத்தில் வீட்டு வைஃபை ஒரு கோட்டுக்கு வந்துவிடும். ஆனாலும் போன் அதை விடாது. காலி வீதிக்கு வந்த பிறகுதான் டேட்டாவுக்கு மாறும். இடையில் அனுப்பிய எதுவும் போய்ச் சேராது. செயலியோ இணைப்பு இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும். கொழும்பில் செயலி எழுதும் தம்பி தங்கைகள் இந்தப் படிக்கட்டை மனதில் வைத்து எழுத வேண்டும்.

முதல் தவறு, பழியை டவர் மீது போடுவது. 100ஆம் இலக்க பஸ்ஸில் கோட்டை வரை போனால் டவர் பல தடவை மாறும்தான். ஆனால் ஒரே நிறுவனத்தின் வலையமைப்புக்குள் போனின் ஐபி முகவரி பொதுவாக மாறுவதில்லை. வைஃபையிலிருந்து டேட்டாவுக்குப் போகும்போதுதான் அது மாறுகிறது. போனும் சேர்வரும் பேசிக்கொள்ளப் பொதுவாகப் பயன்படும் நெறிமுறையான டிசிபி, ஓர் இணைப்பை இரு முனைகளின் முகவரிகளையும் போர்ட் இலக்கங்களையும் வைத்தே அடையாளம் காண்கிறது. நான்கில் ஒன்று மாறினாலும் பழைய இணைப்பு செத்துவிட்டது. அதனால் பயனரின் லொகினை ஐபி முகவரியோடு முடிச்சுப் போடாதீர்கள். வாசல் தாண்டியதும் மறுபடி கடவுச்சொல் கேட்கும் செயலியை யார் வைத்திருப்பார்கள்?

அடுத்தது நானே செய்த தவறு. புறக்கோட்டை மொத்த வியாபாரிகளுக்காக ஓர் ஓடர் செயலி எழுதினேன். ஒருநாள் ஒரு முதலாளி போன் எடுத்தார்: "தம்பி, நான் பத்து மூடை மாதானே போட்டனான், ஏன் இருபது வந்திருக்கு?" ஓடர் சேர்வருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. "கிடைத்தது" என்ற பதில்தான் வழியில் தொலைந்தது. பதில் வராததால் செயலி திரும்பவும் அனுப்பியிருந்தது. இதற்கு மருந்து எளிது. ஓடரை உருவாக்கும்போதே போனிலேயே அதற்குத் தனி அடையாள எண் கொடுத்துவிட வேண்டும். எத்தனை தடவை அனுப்பினாலும் அதே எண். அந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் சேர்வர் பழைய பதிலையே திருப்பித் தரும். பணம், ஓடர், முன்பதிவு எதுவானாலும் இது இல்லாமல் வெளியிடவே கூடாது.

திரும்ப அனுப்புவதிலும் அவசரம் வேண்டாம். ஒரு விநாடி, இரண்டு, நான்கு என்று இடைவெளியைக் கூட்டி, அதில் கொஞ்சம் தற்செயலான வேறுபாட்டையும் கலந்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் சேர்வரின் கதவைத் தட்டும்.

சரி, இணைப்பு செத்ததை எப்படி அறிவது? டிசிபி தானாகச் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். லினக்ஸில், இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் கீப்அலைவ் வசதியை இயக்கினாலும், இயல்பாக அது 7200 விநாடிகள், அதாவது இரண்டு மணி நேரம் சும்மா கிடந்த பிறகுதான் சோதிக்கத் தொடங்கும். பயனர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது செயலியே "இருக்கிறாயா?" என்று கேட்கும் சிறு பிங் அனுப்பிப் பார்க்கட்டும். திரை அணைந்ததும் நிறுத்திவிடுங்கள், பற்றரி பாவம்.

டிசிபிக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய குவிக் (QUIC) என்ற புதிய நெறிமுறை வந்துவிட்டதால் கவலையில்லை என்பவர்களும் உண்டு. 2021இல் ஆர்எஃப்சி 9000 என்ற இணையத் தர ஆவணமாக வந்த அந்த நெறிமுறை நல்லதொரு தீர்வுதான். இணைப்புக்கென்று தனி அடையாளம் வைத்திருப்பதால் முகவரி மாறினாலும் அதே இணைப்பைத் தொடர முடியும். ஆனால் நடுவில் நின்று வேலையைப் பல சேர்வர்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்சர், முகவரியைப் பார்த்தே தரவுப் பொதிகளைப் பிரித்தனுப்பினால், மாறி வந்த பொதி வேறு சேர்வருக்குப் போய் அநாதையாகிவிடும். சில அலுவலக வலையமைப்புகள் குவிக் பயணிக்கும் யுடிபி வழியையே அடைத்து வைத்திருக்கும். ஆகவே டிசிபி வழியையும் மூடாதீர்கள்.

அப்புறம், சோதிக்கும் விதம். மேசையில் இருந்தபடி விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்துவிட்டு "எல்லாம் சரி" என்று சொல்லிவிடுகிறோம். அப்போது இணைப்பு போய்விட்டதென்று போனே செயலிக்கு உடனே சொல்லிவிடுகிறது. படிக்கட்டில் அப்படி யாரும் சொல்வதில்லை. போனைக் கையில் எடுத்து, ஓடரை அனுப்பிக்கொண்டே காலி வீதி வரை ஒருதரம் நடந்து பாருங்கள்.