ஊரடங்கில் படிப்பு: முதலில் தூக்கத்தைப் பிடியுங்கள்

2020 மார்ச் 26 நள்ளிரவில் தென்னாப்பிரிக்கா ஊரடங்குக்குள் போனது. அடுத்த சில மாதங்களில் டர்பன் மாணவர்களின் வகுப்பறை சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதி வீடுகளின் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டது. பதற்றம், காரணமில்லாத அழுகை, எரிச்சல், ஒரு பக்கத்தை நாலு முறை படித்தும் மண்டையில் ஏறாத நிலை எல்லாம் கூடவே வந்தன. இப்படி ஒரு காலம் மறுபடி வந்தால் மனத்தை நேராக அடக்கப் பார்க்காதீர்கள், அடங்காது. தூக்கத்தை ஒழுங்குபடுத்துங்கள், பாதிப் பாரம் அதிலேயே இறங்கும்.

தென்னாப்பிரிக்காவில் தூக்கம் கெட ஒரு தனிக் காரணம் உண்டு: நைட் டேட்டா. மலிவாகக் கிடைக்கும் டேட்டா பெரும்பாலும் இரவு 12 முதல் காலை 5 வரைதான் செல்லும். பாட வீடியோவை இறக்க 12 மணிவரை விழித்து, இறங்குகிறதா என்று பார்க்க இன்னும் விழித்து, 4 மணிக்குப் படுத்து நண்பகலில் எழுவது பழக்கமாகிவிடும். காலை வெளிச்சம் கண்ணில் படாததால் உடலின் கடிகாரம் பின்னுக்குப் போகும். அடுத்த நாள் சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வராது.

இறக்குவது போனின் வேலை, உங்கள் வேலை இல்லை. டவுன்லோட் மேனேஜர் ஆப் ஒன்றில் மாலையிலேயே லிங்குகளை வரிசையாகப் போட்டு, தொடக்கம் 12.15, முடிவு 4.45 என்று வையுங்கள். சரியாக 12.00 என்று வைத்தால் கடிகாரம் ஒரு நிமிடம் முந்தினாலும் பகல் டேட்டா கரையும். போனின் பேட்டரி சேமிப்பு வசதி, ஆப்பை நடுவில் நிறுத்திவிடும் என்பதால் அந்த ஆப்புக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். காலையில் 300 எம்பி இருக்கவேண்டிய கோப்பு சில கேபி அளவில் கிடந்தால், இறங்கியது பாடம் அல்ல, லாகின் பக்கம். அந்தத் தளத்துக்கு இந்த வழி உதவாது. அதன் பாடத்தை ஆடியோவாக வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி விரிவுரையாளரிடம் கேளுங்கள். நேரடி வகுப்பில் வீடியோவை நிறுத்தி வையுங்கள். வீடியோவோடு ஒரு மணி நேரம் ஏறத்தாழ 1 ஜிபியை விழுங்கும், குரல் மட்டும் என்றால் 100 எம்பிக்குள் முடியும். லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) இருந்தால் அட்டவணையைப் பார்த்து அதற்குமுன் சார்ஜ் ஏற்றுவதைச் சொல்லவே வேண்டாம்.

போன் இரவில் வேறு அறையில் கிடக்கட்டும். எத்தனை மணிக்குப் படுத்தாலும் 7 மணிக்கு எழுந்து, முற்றத்திலோ ஜன்னலோரத்திலோ 20 நிமிடம் வெளிச்சத்தில் இருங்கள். மதியம் 2-க்குப் பிறகு டீ, காபி வேண்டாம். குடித்த காஃபினில் பாதி, ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். பகல் தூக்கம் 20 நிமிடம், அதுவும் 3 மணிக்கு முன். கட்டிலில் உட்கார்ந்து படிக்காதீர்கள். இடமே இல்லையென்றால் பகலில் தலையணையையாவது எடுத்துவிட்டு, தலைமாட்டில் இல்லாமல் கால்மாட்டில் உட்காருங்கள். படுத்து 20 நிமிடம் போல் ஆகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து மங்கிய வெளிச்சத்தில் துணி மடியுங்கள். முதல் நாலைந்து நாள் பகலில் சோர்வு கூடும். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

கவலைக்கு மாலை 5 மணிக்கு 15 நிமிடம் ஒதுக்குங்கள். தாளில் எழுதி, நாளைக்கே செய்யக்கூடியதன் பக்கத்தில் ஒரு செயலை எழுதுங்கள். மற்றதை அப்படியே விடுங்கள். இதைப் படுக்கும் நேரத்தில் செய்தால் பலன் தலைகீழாகும்.

தொற்றுக் காலத்தில் மூச்சு முட்டினால் கொரோனாவா பதற்றமா என்ற பயமே பதற்றத்தை ஏற்றும். இரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தை விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் இருந்தால் நகப்பூச்சைத் துடைத்து, விரலைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். குளிர்ந்த விரல் பொய்யாகக் குறைத்துக் காட்டும். திரும்பத் திரும்ப 95-க்குக் கீழே காட்டினாலோ, எண் நன்றாக இருந்தும் நெஞ்சு வலித்தாலோ, மூச்சுத் திணறல் கூடிக்கொண்டே போனாலோ மருத்துவரிடம் போங்கள். பதற்றம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கும். 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடுங்கள். ஆழமாக இழுக்க முயன்றால் தலை சுற்றும், மெதுவாக விடுவதில்தான் காரியம்.

ஆயா உப்பு மிளகாய் சுற்றிப்போட்டால் சுற்றிப்போடட்டும், அதில் சண்டை வேண்டாம். ஆனால் “கண்ணு பட்டிருச்சு” என்பதோடு நின்றுவிடக்கூடாது. வீட்டில் “மன அழுத்தம்” என்று சொல்லித் தொடங்கினால் பேச்சு அறிவுரையில் போய் முடியும். “அம்மா, ரெண்டு வாரமா தூக்கமே இல்ல, சாப்பிட முடியல, டாக்டர்கிட்ட போகணும்” என்று உடம்பின் கணக்கில் சொல்லுங்கள், காது கொடுப்பார்கள்.

அன்றைய ஊரடங்கில் இறுதிச்சடங்குக்கு 50 பேருக்குமேல் கூடக்கூடாது. தாத்தாவைக் கடைசியாகப் பார்க்காத பேரப்பிள்ளைகளுக்குப் படிப்பு ஓடாது. அந்த நிலையில் பரீட்சை எழுதி மார்க்கைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பரீட்சைக்கு முன்பே துறைக்கு மின்னஞ்சல் அனுப்பித் தள்ளிவைக்கக் கேளுங்கள், இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் இணைக்கலாம். காலக்கெடு பல்கலைக்கழகக் கையேட்டில் இருக்கும்.

இரண்டு வாரமாக அநேகமாகத் தினமும் மனம் இருண்டே கிடந்தால், எதிலும் பிடிப்பு இல்லையென்றால், பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவுக்கோ கிளினிக்குக்கோ போங்கள். மனச்சோர்வு மாத்திரை பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். ஐந்தாம் நாளே நிறுத்துவதும், சரியானதும் தானாக நிறுத்துவதும் கூடாது.

சாவு பற்றிய எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 0800 567 567-க்கு அழையுங்கள். செல்போனிலிருந்து அவசரத்துக்கு 112. வீட்டிலுள்ள மாத்திரைகளை எல்லாம் அக்காவிடமோ அம்மாவிடமோ கொடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள், அன்றிரவு தனியாகப் படுக்காதீர்கள்.