ஒரு மெகாவாட் சோலாருக்கு எத்தனை ஏக்கர்: கணக்குப் போடும் விதம்

சோலார் நிலையங்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. "ஒரு மெகாவாட்டுக்கு எத்தனை ஏக்கர்?" என்று யார் கேட்டாலும், "எந்த மெகாவாட்?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். பேனல்களின் மொத்தத் திறன் வேறு, இன்வெர்ட்டரை (பேனலின் நேர்மின்சாரத்தை மின்கட்டத்துக்கு ஏற்ற மாறுமின்சாரமாக மாற்றும் கருவி) தாண்டி வெளியே போகும் திறன் வேறு. 10 மெகாவாட் என்று பலகை தொங்கும் இடத்தில் 13 மெகாவாட்டுக்குப் பேனல் இருப்பது சகஜம். இடத்தை அடைப்பது பேனல்தான், அதனால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டரில் 1,000 வாட் விழுவதாக வைத்துக்கொள்வது வழக்கம். பேனலின் செயல்திறன் 20 சதவீதம் என்றால் 200 வாட் கிடைக்கும். ஆக, 1 மெகாவாட்டுக்கு 5,000 சதுர மீட்டர் பேனல், ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கர். இந்த எண்ணை நம்பி நிலம் பேசப் போய்விடாதீர்கள்.

நிழல் இருக்கிறதே, அதுதான் நிலத்தைத் தின்கிறது. முன்வரிசையின் நிழல் பின்வரிசையின் ஓரத்தில் பட்டாலே, நிழல் விழுந்த அளவைவிட அதிகமாக உற்பத்தி அடிவாங்கும். சூரியன் மிகவும் சாய்ந்திருக்கும் குளிர்கால நாளுக்கு இடைவெளி பாருங்கள். 90-இலிருந்து உங்கள் அட்சரேகையையும் 23.4-ஐயும் கழித்தால் அன்றைய நண்பகல் சூரியனின் கோணம் வந்துவிடும். 10 டிகிரி அட்சரேகையில் 1 மீட்டர் உயரத்துக்கு நிழல் 0.66 மீட்டர், 50 டிகிரியில் 3.3 மீட்டருக்கு மேல். காலை, மாலை நிழல் இன்னும் நீளம். இன்னொரு ஊரின் 'ஏக்கர் கணக்கை' அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

தரையில் 40 சதவீதம் பேனல், மிச்சம் இடைவெளி என்று வைத்தால் 12,500 சதுர மீட்டர், சுமார் 3.1 ஏக்கர். அப்புறம் பாதை, டிரான்ஸ்ஃபார்மர், வடிகால், வேலியோரம். நாலு, ஐந்து ஏக்கருக்கு வந்துவிடும். பள்ளம், ஓடை, மேலே போகும் மின்கம்பி இவற்றின் அடியில் உள்ள இடத்தை முதலிலேயே கழித்துவிடுங்கள். பெருமழை பெய்த மறுநாள் போய் நடந்து பார்த்தால் எதைக் கழிப்பது என்று நிலமே காட்டும்.

சரி, ஏக்கர் கிடைத்துவிட்டது. இனி அதை யூனிட்டாக மாற்றுங்கள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அத்தனை மணி நேரமும் முழுத் திறனில் ஓடினால் கிடைப்பதில் 20 சதவீதம்தான் உற்பத்தி என்றால் (இது பேனலின் செயல்திறன் அல்ல) 1 மெகாவாட்டுக்குச் சுமார் 17.5 லட்சம் யூனிட். ஐந்து ஏக்கரால் வகுத்தால் ஏக்கருக்கு 3.5 லட்சம். இரண்டு இடங்களை ஒப்பிட இந்த எண்தான் உதவும்.

காற்றாலைக்கு இதே சூத்திரத்தைப் போட்டால் தப்பாகிவிடும். இறக்கைகள் சுற்றும் வட்டம் 120 மீட்டர் விட்டமுள்ள காற்றாலைகளைப் பக்கவாட்டில் அந்த விட்டத்தைப் போல 5 மடங்கு, காற்றின் திசையில் 7 மடங்கு தள்ளி வைத்தால், ஒன்றுக்கு 600-க்கு 840 மீட்டர், சுமார் 50 ஹெக்டேர். ஆனால் அஸ்திவாரமும் பாதையும் நிரந்தரமாகப் பிடிப்பது 1 ஹெக்டேர் அளவுதான். மீதியில் உழலாம், மேய்க்கலாம். '50 ஹெக்டேர் போச்சு' என்பவரிடம் எந்த எண்ணைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

சோலாரின் அடியிலும் மேய்ச்சல் முடியும், ஆனால் வரைபடம் போடும்போதே சொல்லிவிட வேண்டும். பேனலின் கீழ்விளிம்பை உயர்த்த வேண்டும், ஒயர்களைக் கட்டி மறைக்க வேண்டும். செம்மறி ஆடு நல்லது, வெள்ளாடு வேண்டாம்: பேனல் மேல் ஏறும், ஒயரையும் கடிக்கும்.