கொடுக்கத் தூண்டும் கருத்துப்படம்: முதல்முறை வரைபவர்களுக்கு

கஷ்ட காலத்தில் உதவி கேட்டுப் படம் வரையச் சொன்னால், பலரும் முதலில் வரைவது நீட்டிய கையும் கிழிந்த சட்டையும்தான். தயவுசெய்து அதை வரையாதீர்கள். வாங்குபவரின் மானம் காக்கும் படம்தான் கொடுப்பவர் மனதையும் தொடும்.

முதல் வேலை, ஒரு பழைய படத்தை நிதானமாகப் பார்ப்பது. 1931-ல் அமெரிக்காவின் ‘சிகாகோ ட்ரிப்யூன்’ நாளிதழில் கருத்துப்பட ஓவியர் ஜான் மக்கட்சன் வரைந்தது. 1932-ல் இதழியலுக்கான புலிட்சர் பரிசு பெற்றது. வங்கி திவாலாகிப் பணத்தை இழந்த ஒருவர் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ‘நல்ல காலத்தில் ஏன் சேர்த்து வைக்கவில்லை?’ என்று ஓர் அணில் கேட்கிறது. அவர் பதில்: ‘சேர்த்தேனே.’ நன்கொடை கேட்டு வரைந்த படமல்ல அது. ஆனால் ‘ஊதாரியாக இருந்திருப்பான், படட்டும்’ என்ற நினைப்பை ஒரே சொல்லில் உடைத்துவிடுகிறது. நம் கையைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் அந்த நினைப்புதானே?

அடுத்து, ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். நான் எடுத்துக்கொண்டது பிடி அரிசி. உலை வைக்கும் முன், இல்லாதவர்களுக்குக் கொடுக்க ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருந்ததே, அதுதான்.

சரி, இப்போது பென்சில். தாளில் தீப்பெட்டி அளவில் ஆறு கட்டம் போட்டு, ஒரே காட்சியை ஆறு விதமாகக் கிறுக்குங்கள். என் முதல் படத்தில் கொடுப்பவர் நின்றார், வாங்கும் பெண் தரையில் இருந்தார். ‘அந்தம்மா ஏன் கீழே உக்காந்திருக்காங்க?’ என்று அம்மா கேட்டார். அன்றிலிருந்து இருவர் தலையையும் ஒரே உயரத்தில்தான் வைக்கிறேன்.

கையைப் பெரிதாக வரையுங்கள். முதலில் மூலை மழுங்கிய சதுரம், அதன்மேல் மடங்கிய நான்கு விரல்கள், குறுக்கே கட்டைவிரல். விரலிடுக்கில் நழுவும் நாலைந்து அரிசிமணிகள் போதும். கண் நேராக அங்கேதான் போகும். பின்னணியை வெறுமையாக விடுங்கள்.

அப்புறம் கறுப்பு மை. காய்ந்த பிறகே பென்சில் கோட்டை அழியுங்கள். வசனம் ஐந்தாறு சொல்லைத் தாண்ட வேண்டாம்.

கடைசியாக, படத்துக்கு அடியில் அரிசியை எங்கே, எந்த நாளில், யாரிடம் கொடுக்கலாம் என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.